லண்டன் வந்த பிறகு சைவமும் அசைவமும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அட்வான்ஸ் எவ்வளவு என்ற பேச்சுக்கு முன்பே "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" வந்துவிடும். நான் கறியும் மீனும் சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவன். அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி நிற்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வாசற்படியோடு திரும்பியிருக்கிறேன். அதனால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பங்கு வீட்டில் அறை கிடைத்து, பக்கத்து அறைக்காரர் கும்பகோணத்துச் சைவம் என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் இறுகிப்போனது.

ஆனால் இங்கே நிலைமை வேறு. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நிற்பது அவர்தான். இந்தியாவில் பச்சைப் புள்ளி சட்டப்படி கட்டாயம், பார்த்ததும் எடுத்துவிடலாம். பிரிட்டனில் அப்படி ஒரு கட்டாயக் குறி கிடையாது, கம்பெனிக்காரர்கள் விரும்பினால் போடுவார்கள். மிட்டாயில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், சிவப்பு நிறத்துக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் இ120, பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும், ஆனால் ஒவ்வாமைப் பொருட்களாகச் சட்டம் சொல்லும் 14-இல் மீனும் ஒன்று என்பதால் அதைத் தனித்துத் தெரியும்படி அச்சிட்டிருப்பார்கள். பன்றி ஜெலட்டின் அந்தப் பட்டியலில் இல்லை, பொடி எழுத்துக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அலுவலக விருந்துகளில் அவருக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் இலைகளும்தான், கூடவே "ஒரு துண்டு சாப்பிட்டா என்ன ஆகிடும்" என்ற சீண்டல் வேறு. அதைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்கு ரசம் வைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வரும். பசியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் அதையே கேலியாக்குவது என்ன பழக்கம்?

சரி, வீட்டுக்குள் சண்டையே இல்லையா என்றால், இருந்தது. ஒரே அடுப்பு, ஒரே ஓவன், ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறக்க முடியாது. நான் நெத்திலிக் கருவாடு வறுத்தால் வாசம் மாடிப்படி ஏறி அவருடைய போர்வை வரைக்கும் போய்விடும். "நாத்தம்" என்று அவர் சொன்னதும் நான் கொதித்துவிட்டேன், ஏனென்றால் அந்தச் சொல்லை இதற்கு முன் நான் கேட்ட இடங்கள் அப்படி.

தீர்த்து வைத்தது கீழ் அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா. அவர் எல்லாம் சாப்பிடுவார், ஆனால் வெள்ளிக்கிழமை மரக்கறிதான், கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம். அதனால் அவரிடம் சட்டிகள் ஏற்கெனவே இரண்டு வகையாக இருந்தன. "தம்பி, மச்சச் சட்டி வேற, மரக்கறிச் சட்டி வேற, அவ்வளவுதான். இதுக்கேன் ரெண்டு பேரும் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்றார். அப்புறம் ஓவனின் கிரில் தட்டு எனக்கு, தோசைக்கல் கும்பகோணத்துக்காரருக்கு, மரக்கரண்டி மட்டும் இரண்டு வாங்கினோம், ஏனென்றால் மரம் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. கருவாடு வறுப்பதை அவர் வேலைக்குப் போகும் நாளுக்கு மாற்றிக்கொண்டேன். அவரும் அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை.

தனிக் கரண்டி கேட்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது சாப்பாட்டைப் பற்றியது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு உணவகத்தில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வாசலும் கைகழுவும் தொட்டியும் தனித்தனி என்று தாள் ஒட்டியது செய்தியானதே, அது சாப்பாட்டைப் பற்றியது இல்லை, சாப்பிடுகிற ஆளைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நம்மவர்கள் இங்கேயும் சண்டை போடுகிறோம். ஒரே சமையலறையைப் பங்கிடுகிற ஒருவர் சைவத் துணை தேடினால் புரிந்துகொள்ள முடிகிறது. தான் குடியிருக்காத, தனிச் சமையலறை உள்ள வீட்டுக்கு "வெஜிடேரியன் மட்டும்" என்று விளம்பரம் கொடுக்கிறவர் எதைத் தேடுகிறார்? சென்னையில் கேட்ட அதே கேள்வி விமானம் ஏறி வந்துவிட்டது, வேறென்ன.

இந்த நாட்டுச் சட்டமும் இதில் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தின்படி சைவ உணவுக் கொள்கைக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2019-இல் ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் சொன்னது, மறு வருடம் ஜனவரியில் இன்னொரு தீர்ப்பாயம் பால், முட்டையைக்கூட விலக்கும் நெறிசார்ந்த வீகன் கொள்கைக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. அடுப்படிப் பிரச்சினைக்கு இதெல்லாம் உதவாது.

எங்கள் பகுதித் தமிழர்கள் கூடிப் போடும் ஆண்டு விருந்திலும் இதே வாக்குவாதம்தான். "சைவமாகவே போட்டால் எல்லோரும் சாப்பிடலாமே" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்போதும் ஒரே பக்கம்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, நம் குழந்தைகளும் வீட்டில் சாப்பிடுவதைச் சபையில் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த முறை கூட்டத்தில் சிக்கன் பிரியாணியும் வேண்டும் என்று எழுந்து பேசியவர் கும்பகோணத்துக்காரர். சிக்கனுக்குத் தனி மேசை, தனி அடுப்பு என்று முடிவானது. பரிமாறும் கரண்டிகள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.