கோத்தகிரி பக்கம் ஒரு ஞாயிறு ஆராதனை

ஆராதனை முடிஞ்சு வெளிய வர்றோம், ஒரு பாட்டி வாசல்லயே நிக்கிறாங்க, எங்க டீம் பசங்க ஒவ்வொருத்தனையும் குனிய வச்சு தலையில கைய வச்சு, இங்க நீலகிரி மலையில இருக்குற படுகர் ஜனங்களோட படுக மொழியில என்னமோ சொல்லி ஆசீர்வாதம் பண்றாங்க.

விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. கை சில்லுனு இருந்துச்சு.

படுகர் ஊர்கள்ல பெரியவங்க முன்னால தலை குனிஞ்சு ஆசி வாங்குறது பழைய வழக்கமாம், சர்ச்சுலயும் அது அப்படியே இருக்கு.

நாங்க தூத்துக்குடியில இருந்து கிட்டார், டிராக்ட் (சுவிசேஷத் துண்டுப்பிரசுரம்) கட்டு, ஸ்கிட்டுக்கு டிரெஸ்ஸுனு ஒரு வேன் நிறைய ஏத்திக்கிட்டு இவங்களுக்கு ஊழியம் செய்ய வந்திருக்கோமாம் (ஸ்கிட்டுக்கு யாரும் சிரிக்கல, அது வேற விஷயம்). இதே நீலகிரியில கேத்தினு ஒரு ஊர்ல, சுவிட்சர்லாந்துல இருந்து வந்த பாசல் மிஷன்காரங்க (கிறிஸ்தவ ஊழிய அமைப்பு) வந்து எறங்குனது 1840-கள்ல. அப்புறம் தலைமுறை தலைமுறையா இங்க ஜெபம் நடக்குது. அவங்க பாட்டுல ஒரு வரி எங்களுக்குத் தெரியல, கடைசி பெஞ்சுல உக்காந்து கை மட்டும் தட்டுனோம், அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

மத்தியானம் சோறும் அவரைக் குழம்பும். மூணு தடவை போட்டாங்க.

அடுத்த வருஷம் டிராக்ட்ட கொறைச்சுட்டு ஸ்வெட்டர் கூட ரெண்டு எடுத்துட்டு வரணும்ப்பா, என்னா குளிரு.