முதுகில் கை இருந்தது உண்மைதான், ஆனால்

பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுத்த அந்த டச்டவுனைக் கெடுத்தது நான்தான். அமெரிக்கன் ஃபுட்பாலில் நடுவராக எனக்கு முதல் சீசன், நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மைதானம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஆட்டம். பண்ட் ரிட்டர்னில், அதாவது எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைத் திருப்பி எடுத்து வரும் ஓட்டத்தில், பந்தைப் பிடித்தவன் ஓரமாக ஓடி வந்தான், நானும் கேலரியில் இருக்கிறவர்களைப் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திருப்பினால் அவன் அணிக்காரன் ஒருவனுடைய இரண்டு கையும் எதிராளி முதுகில், அடுத்த நொடி ஆள் கீழே. தவறு நடந்தது என்று காட்டும் மஞ்சள் ஃபிளாக்கை எறிந்துவிட்டேன். பிளாக் இன் த பேக் (முதுகில் தள்ளித் தடுப்பது), அபராதம் 10 யார்டு, டச்டவுன் ரத்து.

இடைவேளையில் எங்கள் நடுவர் குழுவின் பேக் ஜட்ஜ் (பின்பகுதியைப் பார்க்கும் நடுவர்), பல வருஷம் விசில் ஊதியவர், ஒன்றே ஒன்று கேட்டார்: “ஆரம்பத்தைப் பார்த்தாயா?” பார்க்கவில்லை. மறுநாள் வீடியோவில் பார்த்தால், பையன் கை வைத்தது பக்கவாட்டில், தோளில். ஓடுகிறவனைத் துரத்த எதிராளி சட்டென்று திரும்பியதால் முதுகு தானாக வந்து கைக்குள் மாட்டிக்கொண்டது. முதல் தொடுதல் எங்கே என்பதுதான் கணக்கு, நான் எறிந்தது தப்பு ஃபிளாக்.

தேர்வுக்குப் படித்தபோது இதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து இடுப்புக்கு மேலே தள்ளினால் பிளாக் இன் த பேக், இடுப்புக்குக் கீழே என்றால் கிளிப்பிங், அதற்கு 15 யார்டு. மைதானத்தில் இதை முடிவுசெய்ய அரை நொடி கிடைத்தால் பெரிசு.

என்னை ரொம்பப் படுத்தியது ஃப்ரீ பிளாக்கிங் ஸோன், இடுப்புக்குக் கீழே தடுக்க அனுமதி உள்ள பகுதி. ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆகும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் 4 யார்டு, இரு அணியும் எதிரெதிரே நிற்கும் லைன்களில் ஒவ்வொரு அணியின் லைனுக்கும் பின்னால் 3 யார்டு. தரையில் கோடு கிடையாது, மனசில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்னாப்பின்போது அதற்குள் லைனில் நின்றவர்கள் மட்டும் ஒருவரையொருவர் இடுப்புக்குக் கீழே பிளாக் செய்யலாம், பந்து வெளியே போய்விட்டால் ஸோனும் போச்சு. இப்போது பாதி ஆட்டம் ஷாட்கன்தான், அதாவது ஸ்னாப்பை வாங்கும் குவாட்டர்பேக் தள்ளிப் பின்னால் நிற்கிறான், பந்து உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்று எந்தக் கண்ணால் பார்ப்பது? நல்லவேளை, 2021இல் ஹைஸ்கூல் விதியிலேயே, ஸ்னாப் ஆன உடனே செய்தால்தான் செல்லும் என்று மாற்றினார்கள். இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: லைன்மேன் முதலில் நிமிர்ந்தானா? நிமிர்ந்துவிட்டு அப்புறம் காலில் பாய்ந்தால் ஃபிளாக்.

ஹோல்டிங், அதாவது எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்துவது, வேறு கதை. தேடினால் எல்லா டவுனிலும் (பந்தை முன்னேற்றும் ஒவ்வொரு முயற்சியிலும்) ஒன்று கிடைக்கும், எல்லாவற்றுக்கும் எறிந்தால் ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகிவிடும். பிடித்ததால் எதிராளி ஓடுகிறவனை எட்ட முடியாமல் போனானா என்று பார்ப்பேன். பந்து மறுபக்கம் போயிருந்தால், அடுத்த டவுனுக்கு முன்னால் சட்டை எண்ணைச் சொல்லி “65, கையை உள்ளே வை” என்பதோடு சரி. பெரும்பாலும் “சாரி சார்” என்று பதில் வரும்.

இது மூன்றாவது சீசன். போன மாதம் அதே மாதிரி ஒரு பண்ட் ரிட்டர்ன் வந்தது. இந்தத் தடவை ஓடுகிறவனை இன்னொரு நடுவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்தேன். முதலில் தோள், அப்புறம்தான் முதுகு. ஃபிளாக் இடுப்பிலேயே இருந்தது. ஓரத்தில் பயிற்சியாளர் “முதுகு! முதுகு!” என்று கத்தினார்.

“தோளில் ஆரம்பித்தது, கோச்.”

அவர் நம்பவில்லை. அன்றைக்கு ராத்திரி வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். தோள்தான்.