தரையிறங்கிய பிறகு

பயிற்சி விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், வேலை பார்க்கிறேன். எங்களிடம் பழுதாகி வருவதில் நிறைய, வானத்தில் நடந்த கோளாறு இல்லை. நன்றாக இறங்கி, ரன்வேயை விட்டு வெளியே வந்து, விமானங்களை நிறுத்தும் ஏப்ரனுக்கு ஓட்டி வரும் அந்தச் சில நிமிடங்களில் நடந்தவை. இறக்கை நுனி கதவில் உரசியிருக்கும், பிரேக்கைப் போட்டு அழுத்தியதில் டயர் ஒரே இடத்தில் தேய்ந்திருக்கும், மூக்குச் சக்கரம் ஓரத்து ஈர மண்ணில் இறங்கியிருக்கும்.

சோலோ, அதாவது தனியாகப் பறந்து வரும் மாணவனுக்குச் சக்கரம் தரையில் பட்டதுமே பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். இறங்குவதற்காக இறக்கையில் விரித்த ஃபிளாப்பை மடக்க உடனே கை சுவிட்சைத் தேடும், கண் செக்லிஸ்டுக்குப் போகும், கட்டுப்பாட்டு டவர் வேறு கூப்பிடும். விமானம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் பத்திரமாக இறங்கிய பிறகு ஃபிளாப்புக்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். 1943-இல் அல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி. ஒன்றின் மேல் சின்ன ரப்பர் சக்கரத்தையும் இன்னொன்றின் மேல் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இன்றைக்கும் சக்கரங்களை மடக்கும் கியர் லீவரின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. அதனால்தான் மாணவர்களிடம் சொல்வேன்: ரன்வே எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே வா, முழுசாக நிறுத்து, அப்புறம் எதையும் தொடு.

எனக்கு உண்மையான பயம் ப்ரொப்பல்லர்தான். செஸ்னா 172 பயிற்சி விமானத்தில் அதன் நுனிக்கும் தரைக்கும் ஒரு அடி இடைவெளிகூட இல்லை. மெதுவாக ஓட்டி வரும்போது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று வைத்துக்கொண்டாலும் நுனியின் வேகம் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் மண்ணைத் தொட்டால், நுனி லேசாக வளைந்து பெயின்ட் போயிருப்பதுதான் வெளியே தெரியும். அந்த அதிர்ச்சி, ப்ரொப்பல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு வழியாக என்ஜினின் பின்பக்கம் போய்விடும். அங்கே ஒரு பற்சக்கரம் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், ஆயில் பம்ப், தீப்பொறி தரும் மேக்னெட்டோ எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதைப் பிடித்திருக்கும் போல்ட் விட்டுப்போனால் என்ஜின் நின்றுவிடும், அதுவும் வேறொரு நாள், வேறொரு மாணவன் ஓட்டும்போது. பல பயிற்சி விமானங்களில் இருக்கும் லைகமிங் என்ஜின்களில் இப்படி அடிபட்டால் போல்ட்டையும் பூட்டுத் தகட்டையும் மாற்றி, பற்சக்கரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்னைச் சோதிக்காமல் பறக்கக் கூடாது என்று 2004-லேயே அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது இதற்காகத்தான்.

ஆனால் ப்ரொப்பல்லர் பிளேடின் ஓரத்தை நன்றாக அரம் போட்டுத் தேய்த்தால் அடையாளம் மறைந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். விமானம் நின்றால் பள்ளிக்கு நஷ்டம், மாணவனுக்குப் பறக்க வேண்டிய மணிக்கணக்கு போச்சு. நான் பயப்படுவது அந்த மௌனத்துக்குத்தான். ஒரு மழைக்காலத்தில் ஒரு பையன் ஹேங்கருக்கு நேராக நடந்து வந்து, "சார், புல்லில் சக்கரம் இறங்கிடுச்சு, ப்ரொப்பல்லர் பட்டிருக்கும்னு நினைக்கிறேன்" என்றான். முகம் வெளிறியிருந்தது. பிளேடு நுனியில் பச்சைக் கறை, விரலால் தடவினால் மெல்லிய நெளிவு. என்ஜினைக் கழற்றினோம். விமானம் பல வாரம் ஹேங்கரிலேயே நின்றது, மேலே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவனை மட்டும் யாரும் திட்டக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.