கயிறு கட்டிய மேடை

ஊருக்கு வந்து இறங்கிய அன்றைக்கே பெரியப்பா கேட்டது, "உங்க ஊரு வெள்ளைக் கட்டடத்துல இப்ப கூத்து நடக்குதா கண்ணு?" என்பதுதான். மற்றவர்கள் வீடு வாங்கியாச்சா, கிரீன் கார்டு வந்துச்சா என்று கேட்டார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் வாஷிங்டன் என்றால் கென்னடி மையம் என்ற அந்த ஒரு கலையரங்கக் கட்டடம்தான். பத்து வருடமாக போனில் அவரிடம் நான் அதைப் பற்றித்தானே பேசியிருக்கிறேன்.

"நடக்குது பெரியப்பா. போறதா வேணாமான்னுதான் தெரியல" என்றேன்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். பெரியப்பா கூத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் திரௌபதி வேஷம் கட்டியவர். சுற்று வட்டாரத்தில் பாரதம் வைத்தால் துகிலுரிதலுக்கு அவர்தான் வர வேண்டும் என்று தாம்பூலம் கொடுத்து அழைத்துப் போவார்கள். அவர் களரிக்கு வந்ததும் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். சின்ன வயதில் மந்தையில் கோணிச்சாக்கு விரித்து அம்மா மடியில் படுத்தபடி அதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கலை என்று ஒன்று தெரியும் என்றால் அது அந்தக் கோணிச்சாக்கில் தெரிந்துகொண்டதுதான்.

2015 அக்டோபரில் கல்யாணமாகி வர்ஜீனியாவில் ரெஸ்டன் போய்ச் சேர்ந்தேன். எச்4 விசா, வேலைக்குப் போக அனுமதி இல்லை. அவர் காலையில் கிளம்பினால் இரவுதான் வருவார். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கொண்டுபோன ராகி மாவு தீர்ந்த அன்று, காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது அழுதுவிட்டேன். களிக்காக அழவில்லை. பகல் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுக்ககத்தின் துணி துவைக்கும் அறையில்தான் அக்காவைச் சந்தித்தேன். நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "தர்மபுரி பக்கமா? நான் பர்கூர்" என்றார். அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீலி நிலையத்தில் சில்வர் லைன் ஏறினால் மாறாமல் ஃபாகி பாட்டம். அங்கிருந்து கென்னடி மையத்துக்கு அவர்களே இலவசமாகப் பேருந்து விட்டார்கள்.

போட்டோமாக் ஆற்றங்கரையில் 1971 செப்டம்பரில் திறந்த அரங்கம் அது. 1958இல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் தேசியக் கலாசார மையமாகத் தொடங்கி, கென்னடி கொலைக்குப் பிறகு 1964இல் அவருடைய நினைவாகப் பெயர் மாற்றினார்கள். சுவர்ப் பளிங்கு இத்தாலி கொடுத்தது. 630 அடி நீளக் கூடத்தில் தொங்கும் 18 படிக விளக்குகள் ஸ்வீடன் கொடுத்தவை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் மனதில் பதிந்தது, வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை என்பது மட்டும்தான். மில்லேனியம் மேடை என்று கூடத்தின் ஒரு கோடியில் சின்ன மேடை. 1997லிருந்து மாலை 6 மணிக்கு அங்கே இலவச நிகழ்ச்சி நடந்துவந்தது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நான்கு பேர் வாசித்தார்கள். தொடங்குவதற்கு முன் ஒருவர் மத்தளத்தைக் காதருகில் சாய்த்து, விளிம்பைச் சுற்றி ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சுருதி பார்த்தார். தட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் கூத்து ஜமா மிருதங்கக்காரரும் அப்படியேதான், கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து. எனக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு கிழவர். நாற்காலி கிடைக்காத ஒரு தாய் தரைக்கம்பளத்தில் உட்கார, மடியில் பிள்ளை தூங்கியது. அங்கேதான் எனக்கு அந்த ஊர் ஒட்டியது. அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம், அநேகமாக வாராவாரம் போனேன். மகள் பிறந்த பிறகு தள்ளுவண்டியோடு போனேன். இப்போது அவள் பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். அந்த மையத்தில் வாசிக்கும் இசைக்குழுவான தேசிய சிம்பொனியை நேரில் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்ததால் ஏப்ரல் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினோம்.

இதற்கு நடுவில்தான் எல்லாம் மாறியது. 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் மையத்தின் அறங்காவலர்களில் பலரை நீக்கிவிட்டுத் தாமே தலைவரானார். அதுவரை தலைவராக இருந்த ரூபன்ஸ்டைன் போனார், பல வருடம் நிர்வாகம் பார்த்த டெபோரா ரட்டர் போனார், ரிச்சர்ட் கிரெனல் வந்தார். 'ஹாமில்டன்' நாடகக் குழு 2026இல் நடக்க இருந்த காட்சிகளை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் சிம்பொனி கேட்க வந்த துணை அதிபர் வான்ஸை நோக்கிக் கூட்டம் கூச்சலிட்டது. டிசம்பரில் குழு கூடி கென்னடி பெயருக்கு முன்னால் டிரம்ப் பெயரையும் சேர்ப்பதென்று முடிவெடுக்க, மறுநாளே சுவரில் எழுத்து ஏறிவிட்டது. நாடாளுமன்றம் சட்டம் போட்டு வைத்த பெயர் அது. பல வருடமாக அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவந்த சக் ரெட், பெயர் மாறிய கையோடு விலகிக்கொண்டார். பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்போம் என்று நிர்வாகம் அவரை மிரட்டியது. 2026 ஜனவரியில் வாஷிங்டன் நேஷனல் ஆபரா என்ற இசை நாடகக் குழு மொத்தமாக வெளியேறியது. இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் தன் புதிய சிம்பொனியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இத்தனையிலும் என்னைக் குத்தியது ஒரே வரிதான். பொறுப்பேற்கும்போதே அதிபர், ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் நிகழ்ச்சிகள் இனி இங்கே கிடையாது என்று எழுதினார். அவர் சொன்னது வேறு வகை ஆட்டம், கூத்து இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதைப் படித்ததும் என் கண் முன்னால் நின்றது, தாடையில் அரிதாரம் காயக் காத்துக்கொண்டு, பல்லில் ஊசியைக் கடித்தபடி கொண்டை செருகும் என் பெரியப்பாதான்.

இனி அங்கே போவதா கூடாதா என்பது எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் பெரிய பேச்சானது. நாம விசாவுல இருக்கோம், நமக்கு ஏன் வம்பு என்றார்கள் சிலர். டிக்கெட் வாங்காம இருக்க எதுக்கு விசா என்று அக்கா கேட்டார். அவர் முடிவு அன்றே முடிந்த முடிவு. என் வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்தார். "2024ல டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதின்னதும் மியூசிக் அகாடமில பாடமாட்டோம்னு சிலர் விலகினாங்க. உனக்கு அப்ப கோபம் வந்துச்சு. புறக்கணிப்பு எல்லார் கையிலயும்தான் இருக்கு" என்றார். அதோடு, சிம்பொனிக்காரர்கள் இன்னும் அங்கேதான் வாசிக்கிறார்கள். 1931லிருந்து இருக்கும் குழு. நாற்காலி காலியாகக் கிடந்தால் அடிபடுவது தலைவர் இல்லை, வாசிப்பவர்கள்தான். அவர் சொன்னதில் எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லாமலேதான் விமானம் ஏறினேன்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்து அதியமான்கோட்டையைத் தாண்டும்போது ஔவையின் ஞாபகம் வந்தது. தகடூர் இதுதானே. பரிசில் தராமல் அதியமான் அஞ்சி காலம் கடத்தியபோது, வாயிற்காவலனிடம் 'காவினெம் கலனே. சுருக்கினெம் கலப்பை' என்று சொல்லி மூட்டையைக் கட்டினாள். 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.' காட்டுக்குள் கோடாலியோடு போகிற தச்சன் பிள்ளைகளுக்கு மரம் கிடைக்காமல் போகாது, எங்களுக்கும் அப்படித்தான் என்கிறாள். அவளே பிறகு அவன் செத்தபோது நெஞ்சு உடைந்து பாடியும் இருக்கிறாள். ஆனால் அவள் பாடுகிறவள். எழுந்து போக அவளுக்கு ஓர் இடம் இருந்தது. வெறுமனே கேட்கப் போகும் நான் எதைச் சுருட்டிக் கட்டுவது?

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். பெண் வேஷம் கூடாது என்ற வரியைச் சொன்னதும் கை நின்றது.

"அப்ப பாஞ்சாலிய யாரு ஆடுறது?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். காரிமங்கலம் பக்கம் ஓர் ஊர். ராத்திரி ஒன்பது மணி, பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியாகிவிட்டது. களரியை எட்டிப் பார்த்தால் மந்தையை இரண்டாகப் பிரித்துத் தென்னங்கயிறு கட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. முந்தின வருடம் கயிறு இல்லை. புதிதாக வந்த தர்மகர்த்தா கட்டச் சொன்னது. ஜமா வாத்தியார் போய்ப் பேசிப் பார்த்தார். திரும்பி வந்து, "சலங்கைய அவுருங்கடா" என்று ஒரே வார்த்தை. தாம்பூலத்தையும் முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"மறுநாள் ராத்திரி காலனிலயே ஆடினோம். பெட்ரோமாக்ஸ் ரெண்டு. காசு வாங்கல. களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாங்க."

"ஜமால எல்லாருமே வந்துட்டாங்களா?"

"முகவீணைக்காரன் வரல. வேற ஆளுங்களோட சேர்ந்து அங்கயே வாசிச்சான். அவன் புள்ளைக்கு உடம்பு முடியாம இருந்துச்சு, காசு வேணும். அடுத்த மாசம் நம்மகிட்டயே வந்தான். யாரும் ஒரு வார்த்த கேக்கல."

அப்படியானால் நாங்கள் ஏப்ரலில் போகலாமா என்றேன். "போ கண்ணு. வாசிக்கிறவன் வாசிக்கிறான். புள்ள கத்துக்குது, அது கேக்கட்டும். சொவுத்துல யாரு பேர எழுதுனா நமக்கென்ன" என்றார்.

"பேர் மட்டும் இல்ல பெரியப்பா. அங்க கயிறும் கட்டியிருக்காங்க. உட்கார்ற எடத்துல இல்ல, மேடையில. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. புளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழித்து, "எனக்குக் கட்டுனத நான் பாத்துக்குறேன்" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் எனக்காகப் பெருந்தன்மையோடு சொல்கிறார். காலனிக்காகக் கட்டிய கயிற்றுக்குச் சலங்கையை அவிழ்த்தவர், தனக்குக் கட்டியதைப் பரவாயில்லை என்கிறார். அவர் பரவாயில்லை என்று சொல்லலாம், அது அவர் உரிமை. நான் எப்படிச் சொல்வது? யாரும் எதுவும் கேட்காமல் என்னை உள்ளே விட்ட இடம் அது. அங்கே இன்னொருவரை விடாதபோது, எனக்கு மட்டும் கதவு திறந்துதானே இருக்கிறது என்று நான் போய் உட்கார்ந்தால், அந்த முதல் நாளுக்கே துரோகம் செய்தது போல் இருக்கும். சிம்பொனிக்காரர்கள் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. அந்த முகவீணைக்காரரைப் போல, அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்குத்தான் தெரியும்.

காலையில் முடிவைச் சொன்னேன். ஏப்ரலில் மகளும் அவள் அப்பாவும் போகட்டும். அவள் கேட்க வேண்டும், வாசிப்பவர்களுக்குக் கைதட்ட ஆள் வேண்டும். நான் போகவில்லை. என் பங்குக்கு, வெளியேறிய ஆபரா மார்ச்சில் லிஸ்னர் அரங்கில் ஆடுகிறதே, அதற்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். நான் ஆபரா கேட்டதே இல்லை, ஒரு வார்த்தையும் புரியாமல் போகலாம். மொழி தெரியாத அந்த மத்தளக்காரரைக் கேட்டுத்தான் நான் அந்த நாட்டில் காலூன்றினேன். லிஸ்னருக்கும் அதே ஃபாகி பாட்டம் நிலையத்தில்தான் இறங்க வேண்டும், நடக்கிற தூரம்தான்.

இதற்குள் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. ஜூலை 4 முதல் ஏறக்குறைய இரண்டு வருடம் மையத்தை மூடிப் புதுப்பிக்கப்போவதாக அதிபர் அறிவித்துவிட்டார். மகளிடம் சொன்னபோது, "அப்ப ஏப்ரல்தான் கடைசியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பக்கத்து ஊரில் கூத்து. பெரியப்பா இப்போது ஆடுவதில்லை, முட்டி பிடிக்கவில்லை. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களையும் அழைத்துப் போனார். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு ஒட்டிய புஜக்கட்டை, தேங்காய் எண்ணெயும் அரிதாரமும் கலந்த அந்த வாசம், எதுவும் மாறவில்லை. திரௌபதி கட்டும் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பகலில் ஓசூரில் கம்பெனி வேலை. கொண்டை நிற்கவில்லை என்று பதறிக்கொண்டிருந்தான். பெரியப்பா அவனைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் முட்டி போட முடியாமல் குனிந்து நின்று, பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு முடியை இறுக்கினார். என் மகள் எதிரே உட்கார்ந்து அவனுக்குக் கண்ணாடி பிடித்தாள். கை வலித்திருக்கும், இறக்கவே இல்லை.

"கொஞ்சம் சாச்சுப் புடி சாமி, வெளிச்சம் படட்டும்" என்றார் பெரியப்பா. வெளியே மிருதங்கம் தொடங்கிவிட்டது.