கடன் வாங்கிய மணல்

மணல் மூட்டையில் கயிறு கட்டிப் பாறைச் சந்துக்குள் இறங்குகிறோம் என்று சேலத்துக்குப் போன் போட்டுச் சொன்னால் உயிரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. "ஏஞ்சாமி, அங்க மணலு யூனிட் என்ன வெலை?" என்றுதான் பெரியப்பா கேட்கிறார். காசு இல்லை, ஓடையிலேயே கிடக்கிறது என்றால் நம்ப மறுக்கிறார். இறங்கி முடித்ததும் அங்கேயே கொட்டிவிடுவோம் என்று சொன்னால் எதிர்முனையில் ஒரு மௌனம். பிறகு, "கொட்டறதுக்கா அள்ளுனீங்க?"

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில். அங்கிருந்து தென்கிழக்கே காரில் நாலு மணி நேரம் போல ஓட்டினால் ஹேங்ஸ்வில். அதைச் சுற்றித்தான் நாங்கள் இறங்கும் சந்துகள் இருக்கிற நார்த் வாஷ், ராபர்ஸ் ரூஸ்ட் பகுதிகள். இன்னும் தெற்கே போனால் எஸ்கலாண்டே. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஸ்பானிஷ் ஃபோர்க் பக்கம் வரைபடத்தில் சேலம் என்றே ஓர் ஊர் தென்படும். யூட்டாக்காரர்களுக்கும் ஒரு சேலம் இருக்கிறது. அது தெரிந்ததும் பின்சீட்டிலிருந்து ஒருவன், "சேலம், சேலம், அஞ்சு ரோடு, புது பஸ் ஸ்டாண்டு" என்று கண்டக்டர் குரலில் ஆரம்பித்துவிடுவான். நாங்கள் இங்கே நன்றாகவே பழகிவிட்டோம். பனியில் கார் ஓட்டுகிறோம், ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடிக்கிறோம். அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தால் மட்டும் தட்டுவடை செட் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஸ்லாட் கேன்யன் என்பது மணற்கல்லைத் தண்ணீர் அறுத்த சந்து. இந்தப் பகுதியில் பெரும்பாலும் நவாஹோ மணற்கல். ஏறக்குறைய 19 கோடி வருஷத்துக்கு முந்தைய மணல் மேடுகள் இறுகிக் கல்லானது. நம் சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் என்ற கல் 250 கோடி வருஷக் கிழவன். அதில் உளி இறங்கவே யோசிக்கும். இங்கே ஈரமான பாறையில் கயிறு நாலு முறை உரசினால் பள்ளம் விழுந்துவிடும். சந்து அம்பது, நூறு அடி ஆழம் போகும். சில இடங்களில் அகலம் ஒரு முழம்கூட இராது, பக்கவாட்டில் உரசிக்கொண்டுதான் நகர வேண்டும். நார்த் வாஷில் லெப்ரகான் என்று ஒன்று, கல்யாணப் பந்தியில் இரண்டு முறை உட்காருகிற உடம்பை அது உள்ளேயே விடாது.

சந்துக்குள் செங்குத்தாக விழும் இடங்களில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். எதில் கட்டுவது? ஏற்காட்டில் திரும்பின பக்கமெல்லாம் மரம், மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே விளிம்பில் புதர்கூடக் கிடையாது. பாறையில் போல்ட் அடிக்கலாம், ஆனால் அடித்தது அங்கேயே நிற்கும். பலரும் அதை விரும்புவதில்லை. வார்ப்பட்டையைக் கல்லில் சுற்றிவிட்டு வந்தால் வெயிலில் நைந்து குப்பையாகத் தொங்கும். கடைசி ஆள் இறங்கின பிறகு மேலே ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் பிறந்ததுதான் மணல் பை. இம்லே கேன்யன் கியர் விற்கும் சாண்ட்ட்ராப் இதில் பெயர் பெற்றது.

பை என்று சொன்னாலும் அது தடித்த துணி விரிப்புதான், ஓரங்களில் வார்கள் தைத்திருக்கும். விரித்துப் போட்டு, நடுவில் மணலைக் கொட்டி, மடித்து, வார்களைக் காராபினர் என்ற கொக்கி வளையத்தில் சேர்த்தால் மூட்டை. இறங்கும் கயிறு ஒரு பக்கத்தில் பூட்டப்படும். அதில் எடை விழ விழ வாய் இறுகும். மெல்லிய இழுகயிறு, பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் பூட்டப்படும். கீழிருந்து அதை இழுத்தால் பை குப்புறக் கவிழ்ந்து மணலைக் கொட்டிவிட்டு வெறும் துணியாக வந்து விழும். இவ்வளவுதான் தந்திரம். மீதியெல்லாம் எந்த மணலை, எங்கே, எவ்வளவு என்பதில் இருக்கிறது.

மணலை ஓடைப் படுகையில்தான் அள்ள வேண்டும். அடுத்த வெள்ளம் அங்கே புதிதாகக் கொண்டுவந்து போட்டுவிடும். மேட்டில் கறுப்பாக, மொறுமொறுவென்று கிடக்கும் மண்ணைத் தொடவே கூடாது. அது உயிருள்ள பொருக்கு. ஒரு மிதியில் உடைந்தால் தேறி வரப் பல வருஷம் ஆகும். மணலில் இருக்கும் கல்லைப் பொறுக்கிப் போடுங்கள். துணியைக் கிழிப்பதும் அதுதான், கொட்டும்போது கீழே நிற்பவன் தலையில் விழுவதும் அதுதான்.

எவ்வளவு மணல் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. ஆளும் சாமானும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு பாறை விளிம்பில் செங்குத்தாக மடங்கும் இடத்தில் உராய்வு பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றுவிடும். மூட்டைக்கு வந்து சேரும் இழுப்பு 43 கிலோ போல. துணிக்கும் பாறைக்கும் உராய்வுக் கெழு 0.5 என்றால் சமதளத்தில் 90 கிலோ மணல் 45 கிலோ இழுப்பைத் தாங்கும். அதாவது மயிரிழை. 90 கிலோ என்பது சேலத்து ஜவ்வரிசி மூட்டை ஒன்று. காய்ந்த மணலில் அது ஏறக்குறைய 2 கன அடி. பெரியப்பா கணக்கில் யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு, 50 மூட்டை தேறும், லாரிக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். மயிரிழை போதாது என்பதால்தான் இன்னும் கொட்டுகிறோம். அதைவிட, மூட்டைக்கு முன்னால் பாறை சற்றே எழும்பியிருக்கும் இடமாகத் தேடுகிறோம். நாலு விரல் மேடு இருந்தால்கூடக் கணக்கே மாறிவிடும்.

இடம்தான் எல்லாம். தளம் சமமாகவோ விளிம்பைவிட்டுப் பின்பக்கம் சரிந்தோ இருக்க வேண்டும். விளிம்பை நோக்கி லேசாகச் சரிந்தாலும் மேலே போட்ட கணக்கைக் கிழித்துப் போட்டுவிடலாம். மூட்டை வைக்கும் பாறையைக் கையால் சுத்தமாகத் தள்ளித் துடைக்க வேண்டும். பைக்குள் இருக்கும் மணல் காப்பாற்றும், பைக்கு அடியில் சிதறிய மணல் உருளைக் குண்டாகி வழுக்கிவிடும். கயிறு தரையோடு படிந்து போக வேண்டும். அப்படிப் படியாமல் விளிம்பு மூட்டையைவிட வெகு உயரமாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் மூட்டையின் முன்பக்கத்தைத் தூக்கும், பிடிமானம் குறைந்துவிடும். விளிம்புக்கு ரொம்ப அருகில் வைத்தால் நகர்ந்தால் நிறுத்த இடமில்லை. ரொம்பத் தள்ளி வைத்தால் இழுகயிறு பாறையில் சிக்கும்.

இறங்கும் வரிசையில் எடைக்குத்தான் மரியாதை. பெரியவர் முதலில் என்பது நம் வீட்டுப் பந்தி வழக்கம், இங்கே பருத்தவர் முதலில். அவர் இறங்கும்போது மற்றவர்கள் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, தனிக் காப்புக் கயிறொன்றைத் தங்கள் ஹார்னஸில், அதாவது இடுப்பு வாரில், மாட்டிக்கொண்டு, அதைத் தளர்வாக விட்டு வைக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மூட்டை தாங்குகிறதா, நாம் தாங்குகிறோமா என்பது தெரியாமலே போய்விடும். மூட்டைக்கு முன்னால் ஒரு சிறு கல்லை ஒட்டி வைத்துவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கல் ஒரு விரல் நகர்ந்தாலும் நிறுத்து, ஏறு, இன்னும் மணல் போடு. கடைசி ஆளுக்குக் காப்பு இல்லை. அதனால் எல்லோரிலும் இலேசானவர், கயிற்றில் கை பதறாதவர், கடைசியில். விளிம்பில் குதித்து இறங்கக் கூடாது. உட்கார்ந்து, பிட்டத்தைப் பாறையில் தேய்த்தபடி எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றுக்குக் கொடுக்க வேண்டும். சினிமா பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

எல்லோரும் இறங்கியதும் இழுகயிறு. நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று, தலைக்கவசத்தோடு, இரண்டு பேர் சீராக இழுத்தால் மேலே சரசரவென்று ஒரு சத்தம். நாலு நொடியில் மணல் மழை, பின்னாலேயே துணி. மேலே எங்கள் அடையாளம் ஒன்றும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சரசரப்பு அலுக்கவில்லை. கயிற்றில் தொங்குவதைவிட இதுதான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம், இதற்காகத்தான் அத்தனை மூட்டை சுமக்கிறோமோ என்றுகூடத் தோன்றும். சேலத்துக்காரனுக்கு ஆற்று மணல் என்றால் விடியற்காலையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும் லாரி. போன மணல் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இப்போது வீடு கட்டுகிறவர்கள் எம்-சாண்ட்தான் வாங்குகிறார்கள். திருமணிமுத்தாறு சேர்வராயனிலிருந்து இறங்கி ஊருக்கு நடுவேதான் ஓடுகிறது. அதில் குளித்து மணலில் காய்ந்ததாக அப்பாயி சொல்லுவார். நாங்கள் பார்த்தது பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன ஆறு. கால் மணி நேரத்துக்கு மணலைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற ஒரு வேலை உலகத்தில் இருக்கும் என்று அப்பாயிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஈர மணலிடம் மட்டும் கொஞ்சம் பகை உண்டு. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தால் படுகை மணல் கட்டி கட்டியாக வரும். கனம் அதிகம், பிடிமானம் பிரமாதம், ஆனால் கொட்டாது. இழுத்தால் மூட்டை அப்படியே விளிம்பு வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். களிமண் கலந்திருந்தால் துணியோடு ஒட்டிக்கொண்டு இன்னும் மோசம். பரிகாரம்: காய்ந்த மேல்மணலை மட்டும் வழித்து எடுப்பது, கட்டியைக் கையால் உதிர்ப்பது. கீழே இருப்பவர்கள் கடைசி ஆள் மேலே இருக்கும்போதே ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்க்கலாம் என்று சொல்லுவார்கள். கூடாது. மணல் கொட்ட ஆரம்பித்தால் அவர் மேலேயே மாட்டிக்கொள்வார்.

கேன்யனுக்குள்ளேயே தொட்டி போலப் பள்ளங்கள் வரும், வழுவழு சுவர், நீந்தி எதிர்விளிம்புக்குப் போனாலும் ஏறப் பிடி இருக்காது. அங்கே சின்னப் பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றோடு எதிர்விளிம்புக்கு அப்பால் எறிந்து, அந்த எடையை நம்பி ஏறுவது. பாட்ஷாட் என்பார்கள். கிட்டிப்புள் ஆடின கை இருந்தால் உபயோகப்படும்.

எப்போது போவது என்பதில்தான் நம் பஞ்சாங்கம் தலைகீழாகிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இங்கே பருவமழை, இடி, திடீர் வெள்ளம். அதாவது ஆடி, ஆவணி. நமக்கு ஆடிப்பெருக்கு என்றால் மேட்டூர், முளைப்பாரி, புதுத் தாலிக் கயிறு, சித்ரான்னம். வெள்ளத்தை வரவேற்கத் தண்ணீர்க் கரைக்குப் போகிற ஜனம் நாம். 1997 ஆகஸ்ட் 12, கிட்டத்தட்ட அதே ஆடி, அரிசோனாவின் ஆண்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேல் இல்லை, ஓடை வரும் வழியில் பல மைல் தள்ளி மேட்டில். 2015 செப்டம்பர் 14 அன்று ஸையன் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறங்கிய 7 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. சால்ட் லேக் வானிலை அலுவலகம் திடீர் வெள்ள அபாயத்தை நாலு படிகளாகத் தினமும் சொல்லுகிறது. முதல் படியைத் தாண்டினால் நாங்கள் கிளம்புவதில்லை. தலைக்கு மேலே நீலமாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வியே இல்லை. ஓடைக்கு எந்த மேட்டிலிருந்தெல்லாம் தண்ணீர் வரும் என்று வரைபடத்தில் பார்த்து, அங்கே மழையா என்று பார்க்க வேண்டும். ஆடியில் வீட்டிலேயே இருந்து, ஆடி 1 அன்று தேங்காய் சுடுகிறோம். உள்ளே அடைக்க அவல், வெல்லம், பொட்டுக்கடலை, எள், பாசிப்பருப்பு எல்லாம் இந்தியக் கடையில் கிடைத்துவிடும். அழிஞ்சிக் குச்சிக்கு எங்கே போவது? கிடைத்த குச்சியைச் செருகி பார்பெக்யூ அடுப்பில் சுட்டால் புகை மட்டும் ஊர்ப் புகையாக வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானா என்று கேட்கிறார்.

ஊரிலிருந்து வருகிற தம்பி தங்கைகள், ஏப்ரல், மே அல்லது அக்டோபருக்கு டிக்கெட் போடுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் சந்துக்குள் வெயில் இறங்காது. தேங்கின தண்ணீர் மார்கழி மாத ஏற்காடு ஏரியைவிடக் குளிரும், வெட்சூட், அதாவது தண்ணீரில் குளிர் தாங்கும் ரப்பர் உடை, 4/3 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். பழைய முழுக்கை ஜீன்ஸ் சட்டை ஒன்று எடுத்து வாருங்கள், முழங்கை முழுக்க உரசும். ஸையனில் கயிறு கட்டி இறங்கும் கேன்யன்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆண்டலோப் நவாஹோ மக்களின் நிலம், அவர்கள் வழிகாட்டியோடுதான் போக முடியும். மலம் கழிக்க நேர்ந்தால் அதற்கென்று விற்கிற பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பாதி வழியில் சொன்னால் முகம் மாறுகிறது. புளிசாதத்தைப் பொட்டலமாகக் கட்டாமல் இறுக்கமான டப்பாவில் போடுங்கள், பை பாறையில் தேய்ந்து நசுங்கும்.

கிளியூர் அருவியில் இப்படி இறங்கலாமா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். ஏரி நிரம்பி வழிகிற நாளில் 300 அடி அருவி, பாறையெல்லாம் பாசி. மணல் பை அங்கே உதவாது. ஈரப் பாசியில் உராய்வு ஏறக்குறைய இல்லை, மூட்டை நிரப்ப மேலே மணலும் இல்லை. விடுமுறைக்கு வரும்போது 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தே ஏறிக்கொள்கிறோம். பை சால்ட் லேக்கில் பரணில் கிடக்கிறது. தையல் மடிப்புகளைத் திருப்பிப் போட்டு உதறி, தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தித்தான் வைக்க வேண்டும், தங்கிவிட்ட மணல் உள்ளேயிருந்தே நூலை அறுக்கும்.