மூன்று ஆண்ட்ரூ மரேக்கள்: ஹையர் வரலாறு எழுதுபவர்களுக்கு

ஸ்காட்லாந்தில் 'ஹையர்' என்ற பள்ளி மேல்நிலைத் தேர்வுக்கு வரலாறு எடுத்து, 'சுதந்திரப் போர்கள், 1249-1328' பகுதியைப் படிப்பவர்கள் ஆங்கிலேயரை எதிர்த்த வில்லியம் வாலஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவருக்குச் சமமாக நின்ற ஆண்ட்ரூ மரேக்கு (டென்னிஸ்காரர் இல்லை) ஒரு வரி கிடைத்தாலே பெரிது. எனக்குத் தேர்வில் கைகொடுத்தவர் அவர்தான்.

போர்களுக்குப் போகும் முன் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். அப்பா, மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் என்பதால் இது இல்லாமல் குழம்பாதவர் கிடையாது. வாலஸோடு நின்றவர் நடுவில் உள்ள மகன். 12ஆம் நூற்றாண்டில் வடக்கே குடியேறிய ஃப்ரெஸ்கின் என்ற பிளெமிஷ் பிரபுவின் வழி வந்தவர்கள் இவர்கள். அப்பா பெட்டி (Petty) என்ற ஊரின் பிரபு. சித்தப்பா பெரியப்பா வரிசையில் ஒருவர் பாத்வெல் பிரபு, இன்னொருவர் பின்னாளில் மரே மறைமாவட்ட ஆயர். 1296 ஏப்ரலில் ஸ்காட்லாந்துப் படை டன்பாரில் ஆங்கிலேயரிடம் தோற்றதும் அப்பாவும் மகனும் பிடிபட்டார்கள். அப்பா லண்டன் டவரிலேயே இறந்தார். செஸ்டர் கோட்டையில் அடைபட்ட மகன் தப்பி வந்து, 1297 மே மாதம் ஆக் கோட்டையில் கொடி ஏற்றினார். வடக்கில் அவர் பின்னால் ஆட்கள் ஏன் திரண்டார்கள் என்று கேட்டால், பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அப்புறம் இந்த மகனின் மரணம். ஆதார மதிப்பீட்டுக் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. மரேயும் வாலஸும் ஆங்கிலேயரை வென்ற ஸ்டெர்லிங் பாலப் போர் நடந்தது 1297 செப்டம்பர் 11. சரியாக ஒரு மாதம் கழித்து, வணிகத்துக்குத் துறைமுகங்கள் திறந்துவிட்டன என்று லூபெக், ஹாம்பர்க் நகரங்களுக்கு ஹாடிங்டனிலிருந்து கடிதம் போகிறது. அனுப்பியவர்களாக மரே, வாலஸ் இருவர் பெயரும் அதில் உண்டு, மரே பெயர்தான் முதலில். ஆனால் 1300இல் பெரிக்கில் நடந்த ஆங்கிலேய விசாரணை, மரே ஸ்டெர்லிங்கில் ஆங்கிலேய மன்னருக்கு எதிராகப் போரிட்டு மாண்டார் என்கிறது. எதை நம்புவது? யார், எதற்காக, எப்போது எழுதியது என்று பாருங்கள். விசாரணைக்கு வேண்டியிருந்தது பாத்வெல் சொத்தின் வாரிசு யார் என்பது மட்டும்தான். மரேக்கு இரண்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று பதிந்ததோடு அவர்கள் வேலை முடிந்தது, அப்பா இறந்த தேதி அவர்களுக்கு எதற்கு? 1298 மார்ச்சில் வாலஸ் தனியாக ஆவணம் வழங்குகிறார். ஆகவே பாலத்தில் காயம்பட்டு, பிறகு இறந்திருக்க வேண்டும் என்று எழுதுவதே பாதுகாப்பு. 'போர்க்களத்திலேயே விழுந்தார்' என்று அடித்து எழுத வேண்டாம்.

அந்தப் பையன்தான் மூன்றாம் ஆண்ட்ரூ. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் சகோதரி கிறிஸ்டினாவை மணந்தவர். 1335இல் கல்பிளீனில் அவர் வென்றது நல்ல கதைதான், ஆனால் பாடத்திட்டம் 1328இல் முடிந்துவிடுகிறது. விடைத்தாளில் அதற்கு ஒரு வரிகூடச் செலவழிக்காதீர்கள்.