இரண்டு பெயர்கள் மட்டும் இருந்த வருகைப் பதிவேடு

2016 மே மாதக் கடைசியில் மகனுக்கும் மகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் வாங்கச் சென்றிருந்தோம். பள்ளி அலுவலக எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?" என்பதுதான். எந்தப் பள்ளியிலும் இல்லை, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நானும் என் கணவரும் மாறி மாறிச் சொல்லியும் அவருக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை. 'நீங்கும் காரணம்' என்ற கட்டத்தை வெறுமனே விடவும் முடியாது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தவர், கடைசியில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு வருடப் பேச்சும் ஜெபமும், மறைப்பானேன், சண்டையும் இருந்தன.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊர் இது. 1820இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் இங்கு வந்த காலம் தொட்டு, திருநெல்வேலிப் பகுதியில் சபை எழும்பிய இடங்களிலெல்லாம் பள்ளிக்கூடமும் சேர்ந்தே எழும்பியது. வேதக்கோயில் மணியும் பள்ளிக்கூட மணியும் ஒரே வளாகத்தில் அடிக்கும் கிராமங்கள் இன்றும் உண்டு. பனையேறிய குடும்பத்துப் பிள்ளைகள் எழுத்தறிந்து, வாத்தியாராகி, அடுத்த தலைமுறையைக் கரையேற்றிய கதை எங்கள் வீட்டிலும் உண்டு. என் மாமனாரின் தந்தை மிஷன் பள்ளியில் படித்தவர். மாமனாரோ மிஷன் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்துவதென்றால், அது பாட்டனுக்கும் பூட்டனுக்கும் செய்யும் துரோகம் என்றே அவருக்குத் தோன்றியது. "பள்ளிக்கூடம் இல்லாட்டா நாம இன்னும் பனங்காட்டுலதாம்மா இருந்திருப்போம்" என்று அவர் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஏன் நிறுத்தினோம் என்று கேட்கிறவர்களில் பெரும்பாலோர், பள்ளியில் விசுவாசத்திற்கு விரோதமாக ஏதோ கற்பிக்கிறார்கள் என்று நாங்கள் பயந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. நாங்கள் விட்டு வந்ததும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிதான். காலை ஜெபத்தோடுதான் தொடங்கும். எங்கள் பிரச்சினை நேரம். நான்காம் வகுப்பில் இருந்த மகன் காலை ஏழரைக்கு வேனில் ஏறினால் மாலை ஐந்துக்கு வருவான். ஆறு மணிக்கு டியூஷன். எட்டரைக்குத் திரும்பி, தோசையை வாயில் வைத்தபடியே வீட்டுப்பாடம் எழுதுவான். குடும்ப ஜெபத்திற்கு உட்காரும்போது பாதி உறக்கத்தில் இருப்பான். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்த வகுப்பில், மெதுவாக வாசிக்கிற அவனுக்காக நின்று பார்க்க ஆசிரியைக்கு அவகாசம் இல்லை. நானும் ஒன்பது வருடம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு எடுத்தவள் என்பதால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும், வேதாகமத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரப் பகுதியை ஓர் இரவு வாசித்து முடித்ததும் என் கணவர், "நம்ம பிள்ளைங்க வீட்டுல எப்ப உக்காருது?" என்று கேட்டார். பேச்சு அங்கேதான் தொடங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை எங்கள் சபையில் உள்ள ஒரு வழக்கறிஞர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் வகுக்கவில்லை. ஆக, எங்களுக்கு அனுமதி என்று ஒரு தாளும் கிடைக்காது, தடை என்றும் எவரும் எழுதித் தரமாட்டார்கள். இந்த நடுவாந்தரமான நிலையில் எட்டு வருடம் ஓட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்கினோம். இதே முடிவை யோசிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த நிச்சயமின்மை உங்கள் இரவு உறக்கத்தைக் கெடுக்கும் என்றால், இதில் இறங்க வேண்டாம்.

எங்களைத் தேடிவந்த ஒரே அரசு ஆள், அந்த வருடம் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர் பயிற்றுநர். மாற்றுச் சான்றிதழ் கொடுத்தவுடன் பிள்ளையின் பெயர் மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. வேறு பள்ளி அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பெயர் இடைநின்றோர் பட்டியலில் ஏறிவிடும். செங்கல் சூளைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பிள்ளைகளைத் தேடி அலைகிற அந்த மனிதர், ஓர் அச்சடித்த தாளுடன் எங்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, முன்னறையில் மகள் நாளிதழைத் தரையில் விரித்துப் போட்டுக் குப்புறப் படுத்தபடி எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. அப்போது என் மாமனார்தான் உள்ளே போய், நீளவாக்கில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார்.

அது வருகைப் பதிவேடு. ஜூன் மாதத்திலிருந்து, எங்களிடம்கூடச் சொல்லாமல், அவர் தினமும் அதில் இரண்டு பெயர்களுக்கு நேராக முற்பகல், பிற்பகல் என்று குறித்து வந்திருக்கிறார். மகன் காய்ச்சலில் கிடந்த மூன்று நாட்களுக்குச் சிவப்பு மையில் 'வரவில்லை' என்றும் இருந்தது. வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார் ஹெச்.எம்.மா இருந்தீங்களோ?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், மகனிடம் ஒரு வகுத்தல் கணக்குக் கொடுத்தார், காப்பி குடித்தார். பள்ளியில் சேர்ப்பதே நல்லது என்ற தம் கருத்தைக் கண்ணியமாகச் சொல்லிவிட்டு, தாளில் ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கல்வியை முழுமனதாக எதிர்த்தவர் வைத்திருந்த பதிவேடுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

பாடத்திட்டத்தில் நாங்கள் செய்த தவறு பெரியது, செலவும் பிடித்தது. அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றின் பயிற்சி ஏடுகளைப் பெங்களூருவில் ஒரு குடும்பத்திடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினோம். ஒவ்வொரு பக்கத்திலும் வசனம் இருந்தது. அதனால் அது கிறிஸ்தவக் கல்வி என்று நம்பிவிட்டோம். கணக்கில் நிக்கலும் டைமும் குவார்ட்டரும் வந்தன, அங்குலமும் அவுன்ஸும் வந்தன. சமூக அறிவியலில் மேஃபிளவர் கப்பல் வந்தது. தாமிரபரணி வரவே இல்லை. "அம்மா, ஸ்னோவ எப்படிம்மா மண்வெட்டியால அள்ளுவாங்க?" என்று மகள் சித்திரை வெயிலில் உட்கார்ந்து கேட்டாள். எட்டு மாதத்தில் அவற்றைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்களுக்கே திரும்பினோம். நான் பழித்துக்கொண்டிருந்த அந்தப் புத்தகங்கள், அவசரமில்லாமல் ஓர் அத்தியாயத்திற்கு இரண்டு வாரம் கொடுத்துப் படித்தபோது அவ்வளவு மோசமாக இல்லை.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது ஒரு முறை மட்டுமே. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் (1842–1923) வலியுறுத்தியது அது: பாடத்தைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டி, கேட்டதைப் பிள்ளை தன் சொற்களில் திரும்பச் சொல்லும்படி செய்வது. வாசிக்கத் திணறிய என் மகன், கேட்டதைச் சொல்வதில் கெட்டிக்காரனாக இருந்தான். யோசேப்பைக் குழியில் போட்ட கதையை அவன் சொன்னபோது, சகோதரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டதை அழுத்திச் சொன்னான். அத்தனை வருடம் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையை நடத்திய நான் அதைக் கவனித்ததில்லை. அவனுடைய வாசிப்பு பதினோராம் வயதில்தான் நேரானது.

வீட்டில் இருந்தால் பிள்ளைகள் பக்தியில் வளர்ந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலை ஜெபம் ஒழுங்காக நடந்தது, பாமாலைப் பாட்டுகள் மனப்பாடமாயின, சங்கீதங்கள் பல வாயில் நின்றன. ஆனால் நாள் முழுவதும் உடன் இருக்கிற தாயின் பொறுமையின்மையையும் பிள்ளைகள் நாள் முழுவதும் பார்க்கிறார்கள். பின்னக் கணக்கிற்காக நான் கத்திய ஒரு காலையில், சற்று முன்புதான் அன்பைப் பற்றிய அதிகாரத்தை வாசித்திருந்தோம் என்று மகள் நினைவூட்டினாள். அன்று பாடம் அத்தோடு நின்றது. நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

சபையில் பேச்சு இல்லாமல் இருக்குமா? பையனுக்கு ஏதோ குறை என்றார்கள், கட்டணம் கட்ட முடியவில்லை என்றார்கள், வேறு ஏதோ கூட்டத்தோடு சேர்ந்துவிட்டோம் என்றும் ஒரு பேச்சு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓடியது. பிறரோடு பழகத் தெரியாமல் போய்விடும் என்று நாலு பேர் நேரிலேயே சொன்னார்கள். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி என்று ஒரு சபைக்குள் பிள்ளைக்கு எத்தனை வயதினரோடு பழக்கம் ஏற்படுகிறது என்பது அந்த நான்கு பேருக்கும் தெரியாததல்ல. சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் மகன், சமையலை நடத்தும் தவசிப்பிள்ளையோடே நின்றான். அரிசி கிலோவுக்கு எட்டுப் பேர், எழுநூறு இலை என்று அவர் சொன்னதும், எண்பத்தேழரைக் கிலோ என்று இவன் சொல்லிவிட்டான். "அது உன் நோட்டுக்குத் தம்பி, அடுப்புக்கு நூறு" என்றார் அவர். மறுநாள் கடைசிப் பந்தியில் சோறு சரியாகத்தான் இருந்தது. ஆயினும் ஓர் உண்மை: சபைக்கு வெளியே, வேறு மதத்துப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்துதான் போயிற்று. தெருவில் கிரிக்கெட் ஆடியதை வைத்து அதை ஈடுகட்டிவிட்டோம் என்று நான் சொல்லமாட்டேன்.

2020இல் ஊரே வீட்டுக்கல்விக்கு வந்துவிட்டது. எங்களைக் கேலி செய்தவர்களே கால அட்டவணை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

மகனுக்குப் பத்தாம் வகுப்பு வயது வந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் தனித்தேர்வராக எழுதுவது ஒன்று. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ஸில் சேர்ந்து எழுதுவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். பதினான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறான் என்று உறுதிமொழி கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும்: அவன் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் எடுத்தான். தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு மதிப்பு உண்டு. அவற்றைக் கையால் எழுதி, படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். எங்கள் ஒப்படைப்புக் கோப்பு அளவு பெரிதாக இருந்ததால் இணையதளம் இரண்டு நாட்கள் அதை வாங்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு என்று ஆய்வகத்தை முதன்முதலாகப் பார்த்த மகன், பியூரெட்டைத் தொடவே பயந்தான். இதை நாங்கள் முன்கூட்டியே யோசித்து, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் நான்கு சனிக்கிழமைகள் அனுப்பியிருக்க வேண்டும்.

2023 ஏப்ரலில் தேர்வு தொடங்கியது. பாடங்களுக்கு இடையே ஒரு வாரம், பத்து நாள் என்று இடைவெளி விட்டு மே வரை நீண்டது. பிற்பகல் இரண்டரைக்குத் தேர்வு என்பதால் கத்திரி வெயிலில் போய் வந்தான். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு மே மாதத்திலேயே முடிவு வந்து, எல்லாரும் சேர்க்கைக்கு அலைந்துகொண்டிருக்க, நாங்கள் ஜூன் வரை காத்திருந்தோம். ஐந்திலும் தேர்ச்சி, தமிழில் அதிகம், கணக்கில் குறைவு. கணக்கு ஆசிரியையின் மகன் அல்லவா! பாலிடெக்னிக் ஒன்றில் மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். இடப்பெயர்வுச் சான்றையும் மாற்றுச் சான்றையும் ஒரே தாளில் தருவது இந்த நிறுவனத்தின் வழக்கம் என்று விளக்கி, மூன்று மேசைகள் தாண்டிய பிறகே சேர்க்கை கிடைத்தது. இப்போது இயந்திரவியல் பட்டயப் படிப்பு.

மகள் கதை வேறு. 2022 தொடக்கத்தில், பன்னிரண்டு வயதில், அவளாகவே பள்ளிக்குப் போகிறேன் என்றாள். காரணம் கேட்டதற்கு, "கிளாஸ்ல உக்காந்து பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வருத்தம்தான், என்னிடம் என்ன குறை என்று இரண்டு நாள் மனம் கிடந்து அரித்தது. என் கணவர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் எட்டாம் வகுப்பில் சேர்ப்பதில் சிக்கல் வரவில்லை. அருகிலிருக்கும் உதவி பெறும் பள்ளியின் தலைமையாசிரியை, ஒன்றாம் வகுப்பில் வாங்கிய எமிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்தார். ஆறு வருடமாகப் பொதுத் தொகுப்பில் கிடந்த பெயர், ஒன்றாம் வகுப்பில் எடுத்த புகைப்படத்தோடு திரையில் வந்தது; முன்பல் இரண்டும் இல்லாத படம்.

அன்று மாலை மாமா அந்த நோட்டை எடுத்து, மகளின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் தேதியைப் போட்டு, 'நீக்கம்' என்று எழுதினார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகனின் பெயருக்கு நேராக அன்றைய பிற்பகலுக்கும் ஒரு குறி போட்டார்.